எட்டரை மணி மழை

மழைச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்வதற்கென்று ஒரு நேரம் இருந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டால், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்திலிருந்து ரமணன் தொலைக்காட்சியில் தோன்றும்வரை பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டுப்பாட நோட்டைத் திறக்க மாட்டார்கள். தென்மேற்கு வங்கக் கடல், அதையொட்டிய இலங்கைக் கடற்பகுதி, மேற்கு வடமேற்குத் திசை என்று அவர் பதற்றமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே போவார், அடுப்படியிலிருந்து அம்மா "என்னவாம்?" என்று கேட்பாள், ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது மறுநாள் காலையில்தான் என்று தெரிந்திருந்தும், அன்றிரவு போர்வைக்குள் கிடந்தபடி, ஜன்னல் தகரத்தில் விழும் மழையின் கனத்தை வைத்து நாமே ஒரு முன்னறிவிப்புச் சொல்லிக்கொண்டு தூங்கிப்போவோம். 2016இல் ரமணன் ஓய்வுபெற்ற செய்தியைப் பள்ளித் தோழர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மழை விடுமுறையைச் சொல்லித்தான் பதில் எழுதினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஐப்பசியில், நான் முதுகலை மாணவன். இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று கல்லூரியில் சொன்னபோது வகுப்புத் தோழர்கள் வங்கிக்கும் தொலைக்காட்சி நிலையத்துக்கும் கடிதம் வாங்கிக்கொண்டு போக, நான் தென்சென்னையில் ஒரு மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டே அறைகளில் இயங்கிய சிறிய சூழலியல் குழுவில் சேர்ந்தேன். காலநிலைக் கொள்கைப் பரப்புரையும் அதிதீவிர வானிலையும் என்று என் கடிதத்தில் தலைப்புப் போட்டிருந்தது. கொள்கை டெல்லியில் இருக்கும், காலநிலை வடதுருவத்தில் இருக்கும் என்ற நினைப்போடு அந்த மாடிப்படி ஏறியவனிடம், குழுவை நடத்திய அக்கா கொடுத்தது கோடு போட்ட ஒரு நீள நோட்டும், பேருந்தில் நாள் முழுக்கச் சுற்றுவதற்கான பாஸ் வாங்கப் பணமும். "முதல்ல மழையை எழுதக் கத்துக்கோ தம்பி, கொள்கையை அப்புறம் எழுதலாம்" என்றார்.

மழையை எழுதுவது என்றால் உண்மையாகவே எழுதுவதுதான். நூலகங்களில் பழைய மழையளவுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, நிலையம் நிலையமாக, நாள் நாளாக, பென்சிலால் நோட்டில் ஏற்ற வேண்டும். வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால்தான் அது மழை நாள். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5ஐத் தொட்டுவிட்டால் அதிகனமழை. பக்கம் பக்கமாகச் சைபர்களை எழுதி விரல் சோர்ந்த நேரத்தில் திடீரென்று ஒரு கட்டத்தில் மூன்றிலக்க எண் வரும். அதை எழுதும்போது கை தானாகவே மெதுவாகும். அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது, எந்த ஏரி உடைந்திருக்கும் என்று நினைக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. இன்று எங்களிடம் வரும் மாணவர்கள் நூறாண்டு மழையை ஒரே சொடுக்கில் இறக்கி, நான் ஒரு பருவம் முழுக்கச் செய்த வேலையைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்து, எனக்குப் புலப்படாத போக்குகளையெல்லாம் வண்ணப் படமாக்கிக் காட்டிவிடுகிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சைபர்களை எழுதும் அலுப்பையும் அதற்குப்பின் வரும் அந்தத் திடுக்கிடலையும் அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பது எனக்குத் தெரியவில்லை.

நூலகம் மூடும் நாட்களில் குப்பத்துக்குப் போவேன். வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தால் போதும், அவராகவே தொடங்குவார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு மட்டுமல்ல, கடலுக்குள் ஓடும் நீருக்கும் அவரிடம் பெயர் இருந்தது. தெற்கிலிருந்து ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி. எது ஓடும்போது எந்த மீன் படும், எது திரும்பினால் வலையைக் கரையேற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவார். நடுவில் பேத்தியைக் கூப்பிட்டு எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவரச் சொல்வார். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை நான் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னால், அவர் கடலைப் பார்த்து ஒரு பதில் சொல்வார். இரண்டையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைப்பேன்.

இன்று அதே குப்பத்தில் இளைஞர்கள் காற்றின் ஓட்டம் நிறம் நிறமாக நகரும் செயலியைக் கைப்பேசியில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ளுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். கரையில் அறிவித்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சொல்லும் கருவிகள் விசைப்படகுகளுக்கு வரத் தொடங்கின. அந்தக் கருவி ஓர் உயிரைக் காப்பாற்றுமென்றால் என் மணல்வெளிப் பேச்சுகள் அத்தனையையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. கருவி வந்ததால் பெரியவரிடம் கேட்பதை ஏன் நிறுத்த வேண்டும்?

அலுவலகங்களுக்கு அலைந்ததையும் சொல்லியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு என்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை வாங்கி ஒட்டி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். முப்பது நாளில் பதில் வரும் என்பது சட்டம். ஆனால் மனு கொடுக்கப்போன அன்று பெஞ்சில் காத்திருந்தபோதே பாதிப் பதில் கிடைத்துவிடும். எந்த ஏரியின் கலங்கல் எந்த ஆண்டு அடைபட்டது, எந்த வாய்க்கால் வரைபடத்தில் மட்டும் இருக்கிறது என்பதையெல்லாம், ஓய்வுபெற ஒன்றிரண்டு ஆண்டே இருக்கும் ஓர் எழுத்தர் சாப்பாட்டு டப்பாவை மூடியபடி மெல்லிய குரலில் சொல்லிவிடுவார். பத்திரிகைச் செய்தி எழுதினால், ஒரு நாளிதழுக்கு யூனிகோடு போதும், இன்னொன்றுக்கு வேறொரு எழுத்துரு வேண்டும், அரசு அலுவலகத்துக்கு வானவில் ஔவையாரில் அனுப்பினால்தான் திறக்கும். ஒரே அறிக்கையை மூன்று முறை சரிபார்ப்போம். அப்படி மூன்றாம் முறை படிக்கும்போதுதான் ஒரு தேவையில்லாத வீராவேச வாக்கியம் கண்ணில் பட்டு வெளியேறும். இப்போது எல்லாவற்றுக்கும் இணையதளம் இருக்கிறது. மனு நொடியில் போய்ச் சேர்கிறது. அந்தப் பெஞ்சு மட்டும் எங்கும் இல்லை.

அந்த 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் மழை பெய்தது; 1918க்குப் பிறகு சென்னை அப்படியொரு நவம்பரைப் பார்த்ததில்லை. ஏரிகள் விளிம்பில் நின்றன. டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையை மறுநாள் எட்டரைக்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்துவிட்ட நீரும், தாம்பரம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிறைந்து வழிந்த நீரும் அடையாற்றில் சேர்ந்து, ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் இரவோடு இரவாக ஏறின. விமான நிலையத்தை மூடினார்கள். 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், தன் வரலாற்றில் முதல் முறையாகச் சென்னைப் பதிப்பின் டிசம்பர் 2ஆம் தேதி இதழை அச்சிடவில்லை. மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்த அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று வீதியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். முன்பின் தெரியாதவர்களின் சமையலறையில் நின்று எலுமிச்சைச் சோறு பொட்டலம் கட்டினோம். ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்திருந்த குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து நகரத்துத் தெருக்களில் இறக்கினார்கள்.

என் நோட்டு அப்போது வேறு வேலைக்கு மாறியது. தண்ணீர் வடிந்த ஆற்றங்கரைத் தெருக்களில் வீடு வீடாகப் போய், போனதை எழுதினோம். ரேஷன் கார்டு. சாதிச் சான்றிதழ். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். தவணை முடியாத தையல் இயந்திரம். ஒரு பாட்டி தன் கணவரின் ஒரே புகைப்படத்தைச் சொன்னார். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தயங்கியபோது, "எழுதிக்க கண்ணு, அதுவும் போனதுதானே" என்றார். அதே நாட்களில்தான் பாரிஸில், நவம்பர் 30 அன்று தொடங்கிய ஐ.நா. காலநிலை மாநாட்டில், உலக நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்திருந்தன. டிசம்பர் 12 அன்று மாநாட்டுத் தலைவர் லோரான் ஃபாபியுஸ் பச்சை நிறச் சுத்தியலைத் தட்டி ஒப்பந்தம் நிறைவேறியதாக அறிவித்த செய்தியை, மின்சாரம் திரும்பியிருந்த அலுவலகத்தில் எல்லோருமாகப் படித்தோம். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்ற சொற்கள் உள்ளே வந்துவிட்டன, தீவு நாடுகள் போராடிச் சேர்த்த சொற்கள் அவை, நாங்கள் கைதட்டினோம். இழப்பும் சேதமும் பற்றி எட்டாம் பிரிவு தனியாகவே இருந்தது. ஆனால் கூடவே நிறைவேறிய தீர்மானத்தின் 51ஆம் பத்தி, அந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்பேற்கவோ இழப்பீடு தரவோ வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. மேசைமேல் என் நோட்டு சேறு காய்ந்து கிடந்தது. அக்கா அந்தப் பத்தியை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு எழுந்து போய், மறுநாள் போக வேண்டிய தெருக்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வேண்டும் என்று எகிப்தில் நாடுகள் ஒப்புக்கொள்ள 2022 ஆகிவிட்டது.

வெள்ளத்துக்குக் காரணம் காலநிலை மாற்றம்தான் என்று அப்போது பேசாத வாயில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்று பாடத்தில் படித்திருந்தோம். கணக்கும் பொருந்துவதாகத்தான் பட்டது. 2016 கடைசியில் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் என்ற டச்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சென்னையின் அந்த ஒரு நாள் மழையைப் பற்றி அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மழையில் புவி வெப்பமாதலின் கையைக் காண முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. காற்றில் மிதக்கும் புகையும் தூசும் வெயிலை மறைத்து, வெப்ப வாயுக்கள் செய்வதை இங்கே இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்று காரணமும் சொல்லியிருந்தார்கள். காலநிலைக்காகக் குரல் கொடுக்கும் ஒரு குழு அப்படியொரு கட்டுரையை என்ன செய்யும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அக்கா அதை எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்தார். எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதன் சாரம் இடம்பெற்றது. "நமக்கு வசதியா இல்லாத உண்மையை நாமே முதல்ல சொன்னாதான், மத்ததை நாம சொல்லும்போது நம்புவாங்க" என்றார். நான் கற்ற பரப்புரை முழுவதும் அந்த அறையில் அன்று கற்றதுதான். காற்றிலிருக்கும் அந்தத் தூசு குறையக் குறைய, அது இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கும் சூடு என்ன செய்யும் என்ற கேள்வியும் அன்றுதான் எங்களுக்குள் வந்து உட்கார்ந்தது.

காலநிலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தபோது மற்றதெல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் ஐ.டி. கட்டடங்களுக்கும் தன்னில் பெரும்பகுதியை இழந்திருந்தது. விமான ஓடுதளம் அடையாற்றின் குறுக்கே போயிருந்தது. நீர்த்தேக்கத்தைக் கையாண்ட விதத்தைப் பரிசீலித்து, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. ஆனால் வெள்ளத்துக்கு உடனடியாக விலை கொடுத்தவர்கள் ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி அகற்றப்பட்ட அந்தக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்தப் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைக்கு நீர் வந்து சேரும் தாழ்வான பகுதி. இப்போது ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே தண்ணீர் நிற்கிறது. என் நோட்டில் சைதாப்பேட்டை விலாசத்தோடு இருக்கும் பெயர்களைப் பெரும்பாக்கத்தில் மறுபடியும் பார்க்க நேர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன்பின் காலம் வேகமாக ஓடிவிட்டது. 2016இல் வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்தது; 2018இல் கஜா டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது; 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்தது. கொள்கையும் வந்தது, நாங்கள் மனுக்களில் கெஞ்சிக் கேட்டவற்றில் சில அரசாணைகளாகவே வந்தன. 2022இல் பள்ளிக்கரணை ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது, மாநிலத்துக்குக் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்று அமைந்தது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றார்கள். இருபத்திரண்டு வயதில் என்னிடம் யாராவது இதெல்லாம் நடக்கும் என்று சொல்லியிருந்தால், அந்த மாடி அறையில் குதித்திருப்பேன். இப்போதும் மகிழ்ச்சிதான். ஆனால் 2023 டிசம்பர் 18 காலை எட்டரைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாள் மழை 95 சென்டிமீட்டர் என்று அளந்தார்கள். இவ்வளவு பெரிய அளவை முன்னறிவிப்பு சொல்லியிருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நகர முடியாமல் நின்ற திருச்செந்தூர் ரயிலில் எண்ணூறு பேர் அளவுக்குச் சிக்கியிருக்க, பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளிலும் தண்ணீர் இருந்த நிலையில், சோறு ஆக்கிக் கொண்டுபோனார்கள். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களின் ஞாபகம் எனக்கு வந்தது. இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் முதலில் வந்து சேர்வது அந்தச் சோறுதான்.

இன்று எங்கள் குழுவில் இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவி ஒருத்தி பெரும்பாக்கத்து வீடுகளுக்குள் இரவு வெப்பத்தை அளந்துகொண்டிருக்கிறாள். நுங்கம்பாக்கத்தில் நிழலும் காற்றோட்டமுமுள்ள மரக்கூண்டுக்குள் வைத்த வெப்பமானி சொல்வதுதான் அரசுக் கணக்கு. கடைசி மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒற்றை மின்விசிறியோடு நான்கு பேர் தூங்கும் அறையில் அது என்ன என்பது யாருடைய கணக்கிலும் இல்லை. தரவு தானாகவே கருவியில் பதிவாகிவிடும், வாரம் ஒருமுறை போனால் போதும். அவளோ ஒவ்வொரு நாளும் போகிறாள். ஏன் என்று கேட்டேன். "அங்க இருக்கிற பாட்டிங்க டீ போட்டு வச்சிருப்பாங்க சார், போகலைன்னா கோவிச்சுப்பாங்க" என்றாள். என் முன்னால் அவள் நோட்டைத் திறந்தபோது, ஒரு பக்கத்தில் எண்களும் எதிர்ப்பக்கத்தில் பாட்டிகள் சொன்னதும் இருந்தன. அப்படி எழுத நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கங்களில் ஒன்று எங்களை எல்லாம் உட்கார வைத்தது. கைப்பேசிக்குப் பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் முறையை 2023இல் சோதித்துப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். திடீரென்று எல்லோர் பையிலும் ஒரே நேரத்தில் அலறியதே, அதுதான். அதைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெண்மணி சொல்லியிருக்கிறார்: "மழை வருதுன்னு மெசேஜ் வருதும்மா. எங்க போறதுன்னு வரலியே."

அதையே அரசுக்கு எழுதிய மனுவின் முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம். எச்சரிக்கையோடு சேர்த்து, அந்தந்தப் பகுதிக்கான நிவாரண முகாம் எது, அங்கே போக வாகனம் எங்கே நிற்கும், பெண்களுக்கான கழிப்பறையில் விளக்கு எரிகிறதா என்ற தகவலும் வர வேண்டும். கோடையில் இரவு வெப்பத்தை வீட்டுக்குள்ளும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். மக்களைக் குடியமர்த்துமுன் அந்த இடத்தின் வெள்ள வரைபடத்தை அவர்களிடமே காட்ட வேண்டும். இணையத்தில் அனுப்பி ஒப்புகை எண்ணும் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்தப் பெண்மணியும் இன்னும் பதினைந்து பேரும் மாணவியோடு நேரில் போகிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். "எல்லாரும் ஒரே வேன்ல போயிடலாம் தம்பி, வாடகையைப் பேசி முடிச்சாச்சு" என்று அந்தப் பெண்மணியே சொல்லிவிட்டார்.